விசில் உத்தியோகம்

சிரிக்கத் தயாராயிட்டீங்க, தெரியுது. ஒத்திகைக்காரர் கதைன்னாலே எங்க குடியிருப்புல எல்லாரும் அப்படித்தான்.

இல்லேன்னா, எல்லாரும் கேலி பண்ணின மனுசன் ஒருநாள் எல்லாரையும் காப்பாத்தினாருன்னு முடிப்பேன்னு காத்திருப்பீங்க. அப்படி முடிஞ்சிருந்தா எனக்கும் நிம்மதியாத்தான் இருந்திருக்கும்.

அவரு பாட்டில் கம்பெனியில சூப்பர்வைசர். தீப்பிடிச்சா எப்படி வெளிய ஓடணும்னு அங்க மாசாமாசம் பழக்குவாங்க. அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துட்டாரு.

மூணாவது மாடி வீடு. விசில் ஊதினா சம்சாரம் கேஸை மூடணும். பொண்ணு கதவோரம் தொங்கற பையை எடுக்கணும். டார்ச்சு, தண்ணி, மாத்திரை எல்லாம் அதுல இருக்கும். பையன் துண்டை நனைச்சு ஆளுக்கொண்ணு குடுக்கணும். லிஃப்டைத் தொடக் கூடாது. மூக்கைப் பொத்திக்கிட்டு, குனிஞ்சு, படியில தடதடன்னு எறங்கி கேட்டுக்கு வெளிய வந்து நிக்கணும்.

நின்னதும் அவரு தலையை எண்ணுவாரு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, என்னோட நாலு. ஆல் கிளியர்."

அதைச் சொல்றப்ப அவரு குரல் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆயிடும். நாங்க மாடியில நின்னு அதே குரல்ல திருப்பிச் சொல்லுவோம். அவரு கண்டுக்கவே மாட்டாரு.

இதுல பெரிய உத்தியோகம் அவங்க அப்பாவுக்குத்தான். வாசக்கதவு பக்கத்துல நாற்காலி, கழுத்துல விசில், கையில கடிகாரம். அவரு ஊதினாத்தான் ஓட்டமே. மகன் கீழேர்ந்து கை காட்டினதும் ஜன்னல்ல எட்டிப் பாத்து, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்லுவாரு. அன்னிக்குப் பூராவும் ஜட்ஜ் மாதிரி உக்காந்திருப்பாரு.

போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் விசில் சத்தம் கேட்டுது.

இன்னிக்கு ஒத்திகைன்னு யாருமே சொல்லலையேன்னு சம்சாரம் சோத்துக்கையோட எழுந்தாங்க. அப்பத்தான் ரப்பர் கருகற வாடை மூக்குல ஏறிச்சு.

பழகின கை, யாரும் யோசிக்கல. கேஸு, பை, துண்டு. ரெண்டு மாடி எறங்கறதுக்குள்ள கீழ மீட்டர் பெட்டியிலேர்ந்து கறுப்பா புகை ஏறி வந்துடுச்சு. கண்ணைத் திறக்க முடியல. பொண்ணு அவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வந்துது, பையன் அவ துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டான். வெளிய வந்து திரும்பிப் பாத்தா படிக்கட்டையே காணோம்.

மத்த வீட்டுக்காரங்க எல்லாம் அதுக்கு முன்னாடியே ஆளாளுக்கு அலறிக்கிட்டு வந்திருந்தோம். எனக்குச் செருப்பு கூட இல்ல. அவங்க குடும்பம் மட்டும்தான் ஈரத்துண்டோட வரிசையா நின்னுது.

தீயணைப்பு வண்டி வந்துது. முகமூடி போட்ட ஒருத்தர் ஓடி வந்து, மேல யாராவது மாட்டிக்கிட்டிருக்காங்களான்னு கேட்டாரு.

"எங்க வீட்ல யாரும் இல்ல சார். நாலு பேரும் எறங்கியாச்சு. ஆல் கிளியர்."

முகமூடிக்காரர் தலையாட்டிட்டு அடுத்த வீட்டுக்காரங்ககிட்ட போயிட்டாரு.

சம்சாரம் புருசன் கையை இறுக்கிப் பிடிச்சாங்க.

"மாமா மேல..."

அதே நேரம் மேலேர்ந்து விசில் கேட்டுது.

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பாத்துது. ஜன்னல்ல ஆளே தெரியல, வெறும் புகை. விசில் மட்டும் விட்டு விட்டு வந்துது. அவரு படியைப் பாத்துப் பாய்ஞ்சாரு. நாங்க இடுப்பைக் கட்டிப் பிடிச்சு இழுத்துப் போட்டோம். முகமூடிக்காரர் உள்ள போனாரு.

விசில் சின்னதாச்சு. இடையில இருமல் கேட்டுது. அப்புறம் ரெண்டுமே கேக்கல.

தண்ணி பீச்சற சத்தத்தைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. அவரு தரையில உக்காந்து புல்லைப் பிடுங்கிக்கிட்டே இருந்தாரு. பொண்ணு இன்னும் அந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னுது.

முகமூடிக்காரர் பெரியவரைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தாரு. முகம் பூரா கரி. தலை தொங்கிட்டிருந்துது. கீழ படுக்க வெச்சு மூக்குல காத்துக் குழாயை வெச்சாங்க. ஒரு இருமல் வந்துது. அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்ல.

உசுரு திரும்பினதும் எல்லாருக்கும் வாயும் திரும்பிடுச்சு. வயசானா பிடிவாதம் வந்துடுதுன்னு ஒருத்தர். சொன்ன பேச்சைக் கேட்டாத்தானேன்னு இன்னொருத்தர்.

மகன் எழுந்து பக்கத்துல வந்து நின்னாரு. பட்ட பயம்தான் கோவமா வந்துது.

"எத்தனை தடவை பழகியிருக்கோம்ப்பா? புகை வந்தா எறங்கி ஓடி வரணும்னு உங்களுக்கு மட்டும் தெரியாதா?"

பெரியவர் காத்துக் குழாயை லேசா நகத்தினாரு. "நீ கை காட்டுவேன்னு பாத்துட்டிருந்தேன்பா."

கூட்டம் உச்சுக் கொட்டிச்சு. பாரேன், இந்த நேரத்துலயும் விளையாட்டுன்னு யாரோ சிரிச்சாங்க.

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா யாரு வம்புக்கும் போகாதவங்க. பாதி தைச்ச துணியை மாரோட அணைச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டிருந்தாங்க. அவங்களுக்கே பொறுக்கல.

"அவரை ஏன்பா திட்டற? மொத ஒத்திகையில அவரும்தான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா எறங்கி வந்தாரு. நீங்க வந்தா டைம் கெட்டுப்போவுது, இனிமே மேலயே உக்காருங்கன்னு என் வாசல்ல வெச்சு நீதானே சொன்ன?"