வேன் சீட்டு

பெரியவருக்கு இந்தத் தடவையும் சீட்டு பிடிக்கவில்லை.

"இடது பக்கம் குத்துது."

சீட்டு தைப்பவருக்குப் பொறுமை போய்விட்டது. போகாதா பின்னே? காயலான் கடையில் கிடந்த வேனிலிருந்து கழற்றிய சீட்டு. அதைப் பழைய காருக்குள் பொருத்துவது என்ன விளையாட்டா? டயர் மேட்டில் இடித்த ஓரங்களை அறுத்து, தரையில் துளை போட்டு, பட்டை வைத்து வெல்டிங் அடித்து, போல்ட்டை முடுக்கி நிமிர்வதற்குள் மனுஷனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பெரியவர் ஏறி உட்கார்ந்து, உயரம் என்றார். காலை வெட்டித் தணித்தால், இப்போது பள்ளம் என்றார். அதற்கு ஸ்பாஞ்ச் வைத்தால் சாய்மானம் சரியில்லையாம். அதையும் சரிசெய்தாயிற்று, இப்போது குத்துகிறதாம். தடவிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது.

பெரியவரின் சம்சாரம் மட்டும் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புருஷனுக்குத் துணையாகப் பக்கத்தில் ஏறி உட்காருவார். அவர் இறங்கினால் இவரும் இறங்குவார்.

மூத்த மகனை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. ஆசை ஆசையாய்ப் பிரித்துப் போட்டு, சொந்தக் கையால் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் கார். பின்னால் சீட்டே வேண்டாம் என்றிருந்தவன், அப்பாவுக்கு இடுப்பு தேய்ந்து முன்னால் மடங்கி உட்கார முடியவில்லை என்றதும், அகலமான வேன் சீட்டைத் தேடி அலைந்து வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். தூரம் அதிகம். வாடகை வண்டி பேச்சையே எடுக்காதீர்கள் என்றுவிட்டான்.

"என் வண்டியிலதான் எங்கப்பா போகணும்ண்ணே. சொகுசா போகணும்."

இப்படி ஒரு பிள்ளை கிடைக்கத் தவம் இருந்திருக்க வேண்டும், கிழவருக்கு அருமை தெரியவில்லையே என்று சீட்டு தைப்பவருக்கு வயிறு எரிந்தது. மகன் வீட்டுக்குள் போன நேரம் பார்த்துக் கேட்டே விட்டார்.

"ஏங்கய்யா, பெத்த பிள்ளையை இப்படிப் பாடாப் படுத்துறீங்க? நிஜமா எங்க குத்துது?"

பெரியவர் மெல்லச் சொன்னார். "எங்கயும் குத்தல தம்பி. முதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"பசங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாங்க. இனிமே நான் சின்னவன் பொறுப்பு. இவ பெரியவன் பொறுப்பு, இங்க சமைக்க ஆள் வேணுமில்ல. சீட்டு சரியாயிட்டா ஞாயித்துக்கிழமை கிளம்பியாகணும்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீட்டு தைப்பவருக்கு இவ்வளவு நாள் இந்த மனுஷனையா திட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

மகன் திரும்பி வந்ததும் தலையைச் சொறிந்தபடி ஆரம்பித்தார். பெரியவர் சொல்வது சரிதானாம், உள்ளே ஸ்பிரிங் போயிருக்கிறதாம், மொத்தமாகப் பிரித்துக் கட்ட மாசக் கணக்கில் ஆகுமாம்.

"அவசரப்பட்டா எப்படியோ போய்ச் சேர்ந்துடலாம் தம்பி. திரும்பி வரும்போது கஷ்டம்."

மகன் ஸ்பேனரை எடுத்துக் கடைசி போல்ட்டை இறுக்கினான்.

"பரவால்ல விடுங்கண்ணே. திரும்பி வரும்போது பின்னால யாரு உட்காரப் போறாங்க?"