இளகாத குடல்

“ஏன்டி இங்க வந்த? போய் உங்கம்மா பக்கத்துல உக்காரு, போ.”

ஹுமேரா சொன்னது ஷர்மிளாவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தோளில் தொங்கிய ஐஸ் பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தாள். வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“மார்ச்சுவரி வாசல்ல உக்கார முடியல ஹுமா. பாடி குடுக்க சாயங்காலம் ஆவுமாம். அதுவரைக்கும் எதனா செய்யறேன்.”

இருவரும் வேலூரில் மருந்தியல் ஆய்வு மாணவிகள். ஒரே ஆய்வுக்கூடம், ஒரே மேசை, மதியம் ஒரே டிபன் பாக்ஸ். ஷர்மிளாவின் அண்ணன் இன்பராஜ் இறந்தது நேற்று, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. உடம்பில் பூச்சிமருந்து ஏறியிருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். போன வாரம்தான் அவன் கல்யாணம் நின்றுபோயிருந்தது. ஒடுகத்தூர் பக்கத்தில் அவர்கள் ஊரில் அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

“அடக்கம் நாளைக்கா?”

“எங்க அடக்கம்? தானா மருந்து குடிச்சவனுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லன்னுட்டாங்க சபைப் பெரியவங்க. ஏரிக்கரையில பொதைச்சுக்கணுமாம். எங்கப்பா அவங்க கால்லயே வுழுந்துட்டாரு. ‘எந்திரி இருதயராஜு, ஒனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா’ன்னு கேக்கறாங்க.”

“இன்பாண்ணன் அப்படிப்பட்ட ஆளே இல்லையேடி!”

“நானும் அதான் சொல்றேன். நீ தங்கச்சி, அப்படித்தான் சொல்லுவன்றாங்க.”

ஷர்மிளா பிளாஸ்க்கிலிருந்து ஆட்டுக்குடலை எடுத்து, சிறு துண்டாக வெட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்டினாள். அப்துல் வஹாப் பாயின் கறிக்கடையிலிருந்து குடல் வாங்கி வந்து அவர்கள் அன்றாடம் செய்கிற வேலைதான். கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்புக்கரைசல், அதற்குள் நூலில் தொங்கும் குடல். மின்சாரம் கொடுத்தால் அதிலுள்ள நரம்புகள் தூண்டப்பட்டுத் தசை சுருங்கும். நிறுத்தினால் இளகிவிடும். எந்த மருந்து அந்தச் சுருக்கத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்ப்பதுதான் இருவருடைய ஆராய்ச்சி.

இழவு வீட்டுப் பெண் ஏதோ ஒரு வேலையில் கையை நனைத்துக்கொண்டிருக்கட்டும் என்று ஹுமேரா தடுக்காமல் நின்றாள்.

ஷர்மிளா சுவிட்சைப் போட்டாள். கணினித் திரையில் கோடு ஏறியது. சுவிட்சை அணைத்தாள்.

கோடு இறங்கவில்லை.

“இன்னாடி இது? ஆஃப் பண்ணியா இல்லியா?”

“பண்ணிட்டேன்.”

“அப்புறம் ஏன் இழுத்துப் புடிச்சுக்கிட்டே நிக்குது? நூல் எங்கனா மாட்டிச்சா பாரு.”

நூல் சரியாகத்தான் இருந்தது. கரைசலை மாற்றினார்கள். திரும்பத் திரும்பக் கழுவினார்கள். குடல் முறுக்கிக்கொண்டே நின்றது.

“சனிக்கிழமை இங்க வேலை செஞ்ச நவீன்குமார் குழாயக் கழுவாமப் போயிருப்பான். அவன் மூஞ்சி!” என்று திட்டிக்கொண்டே ஹுமேரா வேறு குழாயை எடுத்தாள். வேறு துண்டைக் கட்டினாள். அதுவும் சுருங்கியது, இளகவில்லை.

“அட்ரோபின் போடு” என்றாள் ஷர்மிளா.

நரம்பு சுரக்கும் ரசாயனம் தசையைத் தொடாமல் தடுக்கும் மருந்து அது. ஒரு சொட்டுதான். கோடு சரசரவென்று இறங்கி அடியில் படுத்துவிட்டது.

ஹுமேராவுக்குப் புரிந்துவிட்டது. அந்த ரசாயனத்தை உடம்பு உடனுக்குடன் அழித்துவிடும். அதனால்தான் சுருங்கிய தசை இளகுகிறது. இந்தக் குடலில் அந்த அழிப்பு வேலை நின்றுபோயிருந்தது. அதை நிறுத்தக்கூடியது எதுவென்று இருவருக்கும் பாடம்.

“ஷர்மி, இந்த ஆட்டுக்குள்ள பூச்சிமருந்து போயிருக்குடி!”

“அடிச்சு சொல்ல முடியுமா? வேற எதுவும் இருக்காதா?”

“முறிவு மருந்து போட்டுப் பாத்துடலாம்.”

பூச்சிமருந்து ஏறியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற முறிவு மருந்து அது. மூன்றாவது துண்டை அதில் ஊறவைத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டார்கள். கோடு ஏறியது. அணைத்ததும் சமர்த்தாக இறங்கியது.

“யா அல்லாஹ்!” ஹுமேரா போனை எடுத்தாள். “எங்க வீட்டுலயும் பாய் கடைக் கறிதான்டி!” வீட்டில் அம்மா போனை எடுத்தாள். “அம்மி, அடுப்புல கறி இருக்கா? எறக்குங்க. யாரும் வாயில வெக்காதீங்க. உப்பு கூட பாக்காதீங்க! ஏன்னு அப்புறம் சொல்றேன்.”

அடுத்து வஹாப் பாயின் எண்ணை அழுத்தினாள்.

“பாய், இன்னைக்கு அறுத்த ஆட்ட யார்கிட்ட வாங்கினீங்க? இதுவரைக்கும் எத்தினி பேருக்கு வித்தீங்க? கடையச் சாத்துங்க மொதல்ல! குடல்ல பூச்சிமருந்து இருக்கு!”

“இன்னாம்மா காலங்காத்தால பேஜார் பண்ற? வியாபாரம் நடக்கற நேரத்துல!” வஹாப் பாயின் குரல் வெளியே கேட்டது. “நானே என் கடைக் கறியத்தான் துன்றேன். எந்தக் குடல்ல இருக்கு? உங்க காலேஜுக்குக் கட்டி வெச்ச பொட்டலம் இன்னும் இங்கயேதான் கெடக்குது. இன்னைக்கு யாருமே வந்து வாங்கலியே!”

ஹுமேரா போனை மெல்லக் கீழே இறக்கினாள்.

“அப்ப இந்தக் குடல் ஏதுடி?”

ஷர்மிளா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க வீட்டு ஆடு. கடலைச்செடி மேஞ்சு வயிறு ஊதிடுச்சுன்னு நெனச்சு, சாவறதுக்கு முன்னாடி விடிகாலையில சித்தப்பா அறுத்துட்டாரு. நேத்து மத்தியானம் கொல்லையில தண்ணி புடிச்சு வெச்ச டிரம்முல இது வாய வெச்சுக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இத வெரட்டி வுட்டுட்டுத்தான் ஹுமா, இன்பா குனிஞ்சு அதே தண்ணிய அள்ளிக் குடிச்சான்.”