குழி வெட்ட வந்தவன்

தோள் குத்தியது.

வலது கையைத் துண்டில் தொங்கப் போட்டுக்கொண்டு இவன் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் உட்கார்ந்திருந்தான். ஆறு நாளைக்கு முன்னால் கிணற்றுக்குள் இறங்கும்போது கயிறு வழுக்கி விழுந்திருந்தான். எலும்பைப் பொருத்திக் கட்டிவிட்டார்கள். வலி போகவில்லை.

அம்மா வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். நாலு மணிக்கு அடக்கம்.

எதிரே ஏசுவடியான் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. காலையில் இவன் வந்து பார்த்தபோதே அவன் முழங்காலளவு இறங்கியிருந்தான். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில், சரியான இடத்தில்தான்.

எதற்காக?

அதுதான் பிடிபடவில்லை.

அந்த ஊரில் குழி வெட்டக் கூலி கிடையாது. என் வீட்டுச் சாவுக்கு நீ வெட்டு, உன் வீட்டுச் சாவுக்கு நான் வெட்டுகிறேன். அவ்வளவுதான். செத்த வீட்டுக்காரன் மண்வெட்டியைத் தொடக் கூடாது.

இவன் மட்டும் அதில் சேரவில்லை. கிணறு வெட்டுகிறவன். "என் கடப்பாரைக்குக் கூலி உண்டு" என்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினவன்.

ஏசுவடியானையும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி வெயிலில், காய்ச்சல் கண்டு ஏசுவடியானின் மகள் செத்துப்போனாள். நாலு வயது. ஊர் ஆண்களெல்லாம் உப்பளத்துக்குப் போயிருந்தார்கள். ஊரில் இருந்த ஆண் இவன் ஒருத்தன்தான். ஏசுவடியான் வாசலில் வந்து நின்றான். "கூலி எவ்வளவு தருவ?" என்று கேட்டான் இவன்.

அவன் திரும்பிப் போனான். போய்த் தானே வெட்டினான். பெற்ற தகப்பன், தன் கையால்.

இன்றைக்கு இவன் வாசலை ஒருத்தனும் மிதிக்கவில்லை. "தொழில்காரனுக்கு ஆள் எதுக்குல? கூலி குடுத்து வெட்டிக்கிடட்டும்" என்று டீக்கடையில் இவன் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். ஜேசிபிக்குச் சொல்லலாம் என்றால் அது கல்லறைச் சந்துக்குள் நுழையாது.

வந்தது ஏசுவடியான் ஒருத்தன்தான்.

சும்மா வருவானா?

அடுத்த மாதம் சபைத் தேர்தல். ஓட்டுக்காக இருக்குமோ? ஏசுவடியான் தேர்தலில் நிற்கவில்லை. நின்றாலும் அவன் பெண்டாட்டியே போடமாட்டாள்.

அப்படியானால் பழிதான். ஆழமில்லாமல் வெட்டுவான். இரண்டடி மண்ணுக்குக் கீழே சுக்கான் பாறை. "பாறை வந்துட்டு" என்று கையை விரித்துவிட்டுப் போய்விடுவான். மேலே மண்ணைக் குவித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

நாய்க்குத் தெரியும்.

அம்மாவுக்கு நாய் என்றால் பயம். கையில் கம்பில்லாமல் வாசல் தாண்ட மாட்டாள்.

இவன் ஒரு குச்சியைத் தன் நெஞ்சுயரத்துக்கு ஒடித்து வைத்துக்கொண்டான்.

ணங் என்றது.

சுக்கான். இவன் எழுந்து நின்றான். இதோ, இப்போது நிறுத்துவான்.

நிறுத்தவில்லை. உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொண்டு மறுபடி ஓங்கினான்.

குத்துகிற இடம் தப்பு. சுக்கானில் கீறல் எங்கே ஓடுகிறது என்று பார்த்து நெம்ப வேண்டும். மேலே நின்ற இவனுக்குக் கீறல் தெளிவாகத் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்தது.

சொல்லவில்லை.

அதை ஏசுவடியான் தானாகக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை இவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

குச்சியைக் குழிக்குள் விட்டு அளந்தான். ஏசுவடியான் காலை நகர்த்தி இடம் கொடுத்தான். ஒரு சாண் குறைந்தது.

"என்னல வேணும் உனக்கு?"

ஏசுவடியான் கடப்பாரையை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"ஞாயித்துக்கிழம கோயில்ல பகையாளிக்கு நன்மை செய்யணும்னு வாசிச்சாங்கல்லா. கேட்டதுலேர்ந்து தொண்டையில முள்ளு மாதிரி நிக்கி."

"அப்போ நான் பகையாளியா?"

"பின்ன, மச்சானா?"

குனிந்து மறுபடி வெட்ட ஆரம்பித்தான்.

அந்தப் பதிலை இவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே எதையும் ஒளித்து வைத்த மாதிரி இல்லை. இருந்தாலும் குச்சியைக் கீழே போடவில்லை.

மூன்று மணிக்கு ஏசுவடியான் மேலே வந்தான். இவன் இடது கையை நீட்டினான். அவன் அதைப் பிடிக்கவில்லை. குழிச் சுவரில் கொத்தியிருந்த படியில் கால் வைத்துத் தானே ஏறினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அவன் மதிலைத் தாண்டும்வரை காத்திருந்து, இவன் குழிக்குள் இறங்கினான். ஒற்றைக் கையால். தோள் உயிரைப் பிடுங்கியது. குச்சியை இப்போது நம்பவில்லை. உடம்பை வைத்தே அளந்தான்.

கழுத்தளவு.

சுவரைத் தடவினான். பெட்டி இறங்கும்போது இடிக்கிற மாதிரி எங்காவது பாறை துருத்திக்கொண்டிருக்கும். தலைமாட்டில் ஒரு கல்லையாவது விட்டு வைத்திருப்பான். மண்டியிட்டு, தரையை உள்ளங்கையால் துழாவினான்.

ஒரு குறையும் அகப்படவில்லை.

கூலிக்கு வெட்டியிருந்தால் இவனே இவ்வளவு ஆழம் போயிருக்க மாட்டான்.

எழுந்து நின்றான். கண்ணுக்குச் சற்றுக் கீழே தரை. மண்மேடுகள் வரிசையாகத் தெரிந்தன, நீளம் நீளமாக. நடுவில் ஒன்று மட்டும் குட்டையாக, நாலு வயது அளவுக்கு.

அதன் பக்கம் இவன் ஒருநாளும் போனதில்லை.

கோயில் மணி அடித்தது. வீட்டிலிருந்து அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

ஏசுவடியானுக்கு இவன் இரண்டு குழி கடன்.