ஒரு கட்டை கீழே

"எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கிடுங்க," என்றாள் இவலீஸ்.

ஸ்டுடியோவில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளுடைய புதிய ஆல்பத்துக்கு அன்றுதான் ஒலிப்பதிவு தொடங்கியது. உச்சியில் ஏறி நிற்கும் அந்தக் குரலுக்காகத்தான் சான் ஹுவான் நகரமே அவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது.

தயாரிப்பாளர் எஃப்ராயின் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்னம்மா விளையாடறியா? குரல் போயிடுச்சுன்னு கம்பெனிக்காரன் ஆல்பத்தையே மூட்டை கட்டிடுவான்!"

"தொண்டை சரியில்ல. இறக்கினா பாடறேன். இல்லேன்னா வீட்டுக்குப் போறேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் பியானோவில் ஒரு கட்டை கீழே போனேன்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் அதிகமாகச் சிரித்தவள் மிக்டாலியாதான். இருபது வருடமாக இவலீஸுக்குக் கோரஸ் பாடுபவள். இவலீஸின் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற தோழி.

"ஆபரேஷன்னு கழுத்தை அறுத்துத் தைச்சது எனக்கு. தொண்டை போனது அவளுக்கு! இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?" என்று கழுத்துத் துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ராணிக்கு வயசாயிடுச்சு," என்றார் டிரம்ஸ்காரர்.

இவலீஸ் காதில் விழுந்தது. மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் இரண்டு பாட்டு முடிந்தது. மிக்டாலியா பிசிறில்லாமல் பாடினாள். "பாத்தீங்களா? ஆபரேஷனுக்கப்புறம் குரல் போயிடும்னு டாக்டர்தான் பயமுறுத்தினான். அதே குரல்!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, தெருமுனை வண்டியில் நண்டு வறுவல் சாப்பிட மற்றவர்களோடு கிளம்பினாள்.

மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க நான் பாதி வழியில் திரும்பினேன்.

உள்ளே இவலீஸ் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். பழைய சுருதியில். கடைசி வரியின் உச்சியில் போய் நின்றாள், இறங்கவே மனமில்லாதவள் போல.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"தொண்டைக்கு ஒண்ணுமில்லையேம்மா!"

"மெதுவாப் பேசுங்க அண்ணே." கதவைச் சாத்தினாள். "போன வாரம் மிக்டாலியா போன்ல பாடிக் காமிச்சா. மேல ஏறினா குரல் உடையுது. 'தூங்கி எழுந்த குரல்டீ'ன்னு அவளே சிரிச்சுக்கிட்டா. கோரஸ்ல அவ எனக்கும் மேல ஏறணும். இத்தனை பேர் முன்னாடி உடைஞ்சுதுன்னா, மறுபடி மைக் பக்கமே வரமாட்டா."

"அதுக்காக உன் பேரை..."

கதவு திறந்தது. மிக்டாலியா. கையில் ஆவி பறக்க ஒரு கோப்பை.

"வாயை மூடு. பேசாத. எலுமிச்சையும் தேனும், இதைக் குடி முதல்ல. பயப்படாதடீ, இந்த ஆல்பத்தை நான் தாங்கிப் பிடிச்சுக்கறேன்."

இவலீஸ் இரண்டு முறை இருமினாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.