அடியில் கிடந்த கிரெம்போக்

வேல்ஸ் நாட்டில் அப்பத்துக்குக் கிரெம்போக் என்று பெயர். சுடச்சுட வெண்ணெய் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள்.

அடுக்கின் உச்சியில் இருந்த அப்பம் அடியில் கருகிக் கிடந்த அப்பத்தைப் பார்த்துச் சிரித்தது. "ஏ கருகலே, உனக்குமா கிரெம்போக் என்று பேர்? அந்தப் பேர் எங்கிருந்து வந்ததென்றாவது தெரியுமா?"

அடி அப்பத்துக்காக அடுப்பில் இருந்த அப்பம் சுடும் கல்தான் பேசியது.

"எந்தக் காலத்தில் வந்ததோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கு யாரால் வந்ததென்று தெரியும். நான் பதமில்லாமல் காந்திக்கொண்டிருந்தபோது என்மேல் முதலில் விழுந்தவள் அடியில் கிடக்கும் அவள். அவள் தீய்ந்த வாசனைக்குத்தான் பிள்ளைகள் 'கிரெம்போக்!' என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் பதத்துக்கு வந்தேன். நீ பொன்னிறமாக வெந்தாய்."

உச்சி அப்பம் தன்மேல் உருகிய வெண்ணெயை ஓரமாகக் கீழே வழியவிட்டுக் கேட்டது:

"அக்கா, உங்களுக்கு வந்து சேர்ந்ததா?"