பின்னால் வளையும் கால்

கோமளவல்லி காலை நீட்டினால் முழங்கால் நேராவதோடு நிற்காது. அதையும் தாண்டிப் பின்பக்கம் வளையும். தொடைக்கு வலுவேற்றினால் வலி குறையும், ஆனால் காலை முழுசாக மட்டும் நீட்டிவிடாதீர்கள் என்று மருத்துவர் சொன்னதால்தான் இரண்டாம் மாடி ஜிம்முக்கு வந்தாள். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் அவள் பாதியில் நிறுத்தியது, நான்கு சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த மாஸ்டர் ரூபனுக்குப் பொறுக்கவில்லை.

"முழுசாத் தள்ளுங்கக்கா!"

"டாக்டர் வேணாம்னாரு தம்பி."

"அவரு என்னைக்குக்கா வெயிட் தூக்குனாரு?"

தள்ளினாள். முழங்கால் வில்லாகப் பின்னால் வளைந்தது. அவள் பல்லைக் கடித்ததை வைராக்கியம் என்று எடுத்துக்கொண்டு மாஸ்டர் படம் பிடித்தார். "முப்பது வருஷம் யோகா பண்ணாலும் இந்த வளைவு வராதுக்கா!"

மறுவாரம் அந்தப் படம் படிக்கட்டுத் திருப்பத்தில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. இனி வர முடியாது என்று சொல்லிவிட்டு, கோமளவல்லி அதனடியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். ஏறி வந்த இரண்டு பெண்கள் படத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நமக்கும் இப்படி வளையுமாடி?"

"மாஸ்டர் வளைச்சிருவாரு, வா. கொஞ்சம் வழி விடுங்கக்கா."

கோமளவல்லி இரண்டு கைகளாலும் தன் காலைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.