அண்ணனின் பாஸ்

"அக்கா, இண்டைக்கு வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

பனிச்சறுக்கு மலையில் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்ட் வாசலில் பாஸ் பார்க்கும் கஜீவன், குளிருக்குப் போட்டிருந்த முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். நிரூபாவுக்குச் சுருக்கென்றது.

"ஏன் தம்பி போகவேணும்? பாஸ் இருக்குத்தானே?"

"படத்தில இருக்கிறது வேற பிள்ளை அக்கா."

"என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதோ? இது பிரியந்தன்தான்!"

பொய்தான். பாஸ் மூத்தவன் பிரியந்தனுடையது. அண்ணனின் தொளதொள ஜக்கெட்டுக்குள் நின்றது இளையவன் சுலக்சன்.

நிரூபா பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கனடாவில் ஒஷாவாவுக்கு வடக்கே இருக்கும் இந்தச் சின்ன ஸ்கீ மலையை முன்பு ஒரு கிழவனும் கிழவியும் நடத்தினார்கள். வந்த அன்றைக்கு டிக்கெட் எடுத்தால் போதும். பிறகு, ஊரெல்லாம் மலை வாங்கும் ஒரு பெரிய கொம்பனி இதையும் வாங்கியது. ஒருநாள் டிக்கெட்டின் விலையைக் கேட்டவர் வாய் பிளக்கும்படி ஏற்றிவிட்டு, சீசன் பாஸை மலிவு போலக் காட்டியது. அதையும் ஓகஸ்ட் வெயிலிலேயே வாங்கிவிட வேண்டும். பனி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் காசு கொம்பனிக்கு.

இரண்டு பாஸ் வாங்க வசதியில்லாமல் மூத்தவனுக்கு மட்டும் வாங்கினாள். அவனோ நவம்பரில் பாஸ்கெட்போல் விளையாடிக் கையை முறித்துக்கொண்டான். காசும் திருப்ப மாட்டோம், பெயரும் மாற்ற மாட்டோம் என்று கொம்பனி கையை விரித்தது.

சுலக்சன் பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேராத பிள்ளை. இந்தச் சரிவில் மட்டும்தான் வாய்விட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகத்தான் டிசம்பரிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வீடு இருக்கும் மோர்னிங்சைடிலிருந்து காரை ஓட்டி வந்தாள். ஹெல்மெட்டையும் கொகிள்ஸையும் போட்டுவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான் என்பது அவள் கணக்கு. ஒருவரும் மறித்ததில்லை. தன் கெட்டித்தனத்தைத் தங்கச்சிமாருக்குப் போனில் சொல்லிப் பெருமையும் பட்டிருந்தாள்.

இன்றைக்குப் பார்த்து இவன்!

"சத்தம் போடாதேங்கோ அக்கா. பின்னால ஹெட் ஒஃபிஸ் ஆள் நிக்கிறார். என்ர வேலை போயிடும். மனிசியும் கைக்குழந்தையும்..."

"உம்மட வேலைக்காக என்ர பிள்ளை அழவேணுமோ?"

நிரூபா போட்ட சத்தத்தில் பின்னால் நின்ற வெள்ளைக்காரர் முன்னுக்கு வந்தார். அதன் பிறகு கஜீவனுக்கு வேறு வழியில்லை. பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சுலக்சன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காருக்கு நடந்தான். அதுதான் நிரூபாவுக்குத் தாங்கவில்லை.

"முந்தி வாசல்ல முகத்தை மூடிக்கொண்டு நிண்ட வெள்ளைக்காரப் பெடியன் ஒரு சொல்லுச் சொன்னவனோ? எங்கட ஆளொண்டு வந்து நிண்டுது, கதை முடிஞ்சுது!" என்று வீடு வரும்வரை திட்டித் தீர்த்தாள்.

வந்த சூட்டோடு கொம்பனிக்கு முறைப்பாடும் எழுதினாள். தமிழில் ஏசினார், பிள்ளையைப் பிடித்துத் தள்ளினார் என்று கொஞ்சம் உப்புப் புளியும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மலையின் மனேஜர் கூப்பிட்டிருந்தார். நரைத்த தலைமுடியுள்ள வெள்ளைக்காரப் பெண்மணி. சுலக்சனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, நியாயம் கேட்கும் முகத்தோடு நிரூபா உட்கார்ந்தாள்.

"உங்கள் முறைப்பாட்டால்தான் வாசல் கமராவின் பழைய படங்களைப் பார்த்தோம்" என்றார் மனேஜர். "முகம் பொருந்தாவிட்டால் வாசலில் நிற்பவரின் திரையில் சிவப்பு எரியும். அவர் கையால் அமத்தினால்தான் கேட் திறக்கும். டிசம்பரிலிருந்து ஒவ்வொரு முறையும் உங்கள் மகனுக்குச் சிவப்புத்தான். ஒவ்வொரு முறையும் திறந்துவிட்டவர் கஜீவன்."

வெள்ளைக்காரப் பெடியன் என்று அவள் நினைத்திருந்த முகமூடிக்காரனும் இவன்தான்.

"அவரைக் கேட்டோம். 'அண்ணனின் பாஸைத் தம்பி பாவிக்கலாம் என்று நான்தான் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவரில் பிழையில்லை' என்கிறார். உங்களைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் உங்களிடமே கேட்கிறேன். அவர் அப்படிச் சொன்னாரா?"

நிரூபா சுலக்சனைப் பார்த்தாள்.

"சொன்னார் என்றால் தவறு எங்களுடையது. பாஸை இளையவர் பெயருக்கே மாற்றித் தருவேன். கஜீவனுக்கு இன்றோடு வேலை முடியும். சொல்லவில்லை என்றால் பாஸ் ரத்து. அவர் ஏதோ இரக்கத்தில் திறந்துவிட்டார் என்று எழுதி, எச்சரிக்கையோடு வேலையில் வைத்துக்கொள்வேன்."

கண்ணாடிக்கு வெளியே கஜீவன் யாரோ ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி லிஃப்ட் கதிரையில் இருத்திக்கொண்டிருந்தான். ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சுலக்சன் மடியில் வைத்திருந்த ஹெல்மெட்டைத் தடவியபடி மெல்லக் கேட்டான்.

"அம்மா, இண்டைக்கு விடுவினமோ?"

நிரூபா கண்ணாடிப் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யெஸ்" என்றாள். "அவர்தான் சொன்னவர்."

மனேஜர் எழுந்து கையை நீட்டினார்.

"உண்மையைச் சொன்னதற்கு நன்றி."